ஒரு தரம், ரெண்டு தரம்... ஒரு க்ளிக் என்ன விலை?

ஏலம்ங்கிற வார்த்தையே நம்மளோடது இல்லை மக்களே. போர்த்துகீசியக்காரன் கப்பல்ல கொண்டு வந்து இறக்கின 'லெய்லாவ்'தான் நம்ம வாயில ஏலமாச்சு, வடக்கே நீலாம் ஆச்சு. (பாயசத்துல போடற ஏலம் வேற. அது நம்மூரு சரக்குதான், சண்டைக்கு வராதீங்க.) வார்த்தை வெளியூரா இருந்தாலும் சங்கதியை நாம நல்லாவே நமக்குன்னு ஆக்கிக்கிட்டோம். புளியமர மகசூலுக்கு ஏலம், ஏரி மீனுக்கு ஏலம், கோயில் வாசல் தேங்காய்க் கடைக்கு ஏலம். ஏலச்சீட்டுன்னு ஒண்ணு வெச்சு, யாரு அதிகமா தள்ளிக் கேக்கறாங்களோ அவங்களுக்குப் பணம்னு ஏலத்தையே தலைகீழாக்கினவங்களும் நாமதான்.

இப்ப ஒரு காரியம் பண்ணுங்க. கூகுள்ல 'திருவண்ணாமலை ரூம்'னு தட்டுங்க. முடிவுகள் வர்றதுக்குள்ள, நீங்க கண்ணை மூடித் திறக்கற நேரத்துல, ஒரு ஏலம் நடந்து முடிஞ்சு போச்சு. மேல ரெண்டு மூணு இடம் யாருக்குன்னு முடிவாயிடுச்சு. தண்டோரா இல்லை, 'மூணாம் தரம்' இல்லை. இந்த ஏலம் எங்கேர்ந்து வந்தது, அடி அண்ணாமலைல நாலு ரூம் வெச்சிருக்கற ஒருத்தருக்கு இதுல என்ன வேலைங்கிறதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

கலிஃபோர்னியாவுல பில் கிராஸ்னு ஒருத்தர். கம்பெனிகளை ஆரம்பிக்கறதுக்குன்னே ஐடியாலேப்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சவர். 1998-ல கோடூ.காம்னு ஒரு தேடுபொறியை அறிமுகப்படுத்தினார். அப்பல்லாம் தேடுபொறியில எதைத் தேடினாலும் குப்பைதான் முதல்ல வந்து நிக்கும். அவர் சொன்னது ரொம்பச் சிம்பிள்: யாரு காசு கொடுக்கறாங்களோ அவங்க மேல. அதுவும் பாக்கறதுக்குக் காசு இல்லை, அமுக்கினா மட்டும் காசு. ஒரு சென்ட்லேர்ந்து கேக்கலாம். யாரு எவ்வளவு கேட்டிருக்காங்கங்கிறதையும் முடிவுக்குப் பக்கத்துலயே எல்லாரும் பாக்கற மாதிரி போட்டுட்டார்.

'காசு கொடுத்தவன் மேலயா? வெக்கமா இல்லையா?'ன்னு நிறைய பேர் திட்டினாங்க. ஆனா வியாபாரம் ஓடிச்சு. 2001-ல ஓவர்ச்சூர்னு பேரை மாத்திக்கிட்டாங்க. 2003-ல யாஹூ அதைச் சுமார் 160 கோடி டாலருக்கு வாங்கிச்சு.

அந்த ஏலத்துல ஒரு ஓட்டை இருந்துச்சு. நீங்க எவ்வளவு கேட்டீங்களோ அவ்வளவையும் கட்டணும். நியாயமாத்தானே இருக்கு? எங்க இடிக்குதுன்னு நம்ம கிரிவலப் பாதையில வெச்சே பாப்போம். மூணு லாட்ஜ்காரங்க. ஒரு க்ளிக் முதலாமவருக்கு 30 ரூபா வரைக்கும் பிரயோஜனம், ரெண்டாமவருக்கு 12, மூணாமவருக்கு 5. இடம் ரெண்டுதான். மேல் இடத்துக்கு 200 க்ளிக் வரும், கீழ் இடத்துக்கு 100.

மூணாமவர் 5 ரூபா கேட்டுட்டு நிக்கறார். ரெண்டாமவர் அஞ்சு ரூபா ஒரு காசு. முதலாமவர் அஞ்சு ரூபா ரெண்டு காசு. உடனே ரெண்டாமவர் மூணு காசுன்னு ஏறுவார். இப்படி ஏறி ஏறி எட்டரை ரூபா வரைக்கும் போகும். அங்க ரெண்டாமவர் கணக்குப் போடுவார்: 'மேல உக்காந்தா 200 க்ளிக், ஒவ்வொண்ணுலயும் மூணரை ரூபா மிச்சம், 700 ரூபா. பேசாம கீழ இறங்கி அஞ்சு ரூபா ஒரு காசுல 100 க்ளிக் வாங்கினாலும் கிட்டத்தட்ட அதே 700. இதுக்கு மேல ஏறினா நஷ்டம்'. தொப்புன்னு கீழ குதிச்சிடுவார். அவர் குதிச்சதும் முதலாமவருக்கு எட்டரை கொடுக்க என்ன தலையெழுத்தா? அவரும் அஞ்சு ரூபா ரெண்டு காசுக்கு இறங்குவார். மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பம்.

படம் போட்டா ரம்பப் பல்லு மாதிரி இருக்கும். கதைன்னு நினைக்காதீங்க. ஓவர்ச்சூரோட 2002-03 ஏல விவரங்களை எடுத்து எடெல்மன், ஆஸ்ட்ரோவ்ஸ்கின்னு ரெண்டு பேர் ஆராய்ஞ்சப்ப இதே ரம்பப் பல்லு அதுல தெரிஞ்சது. காசு காசா ஏத்தி இறக்கறதுக்குன்னே மென்பொருள் எல்லாம் வித்தாங்க.

கூகுள் ஆட்வேர்ட்ஸை ஆரம்பிச்சது 2000 அக்டோபர்ல. அப்ப அது ஏலமே இல்லை, ஆயிரம் தடவை காட்டினா இவ்வளவுன்னு ரேட்டு. 2002 பிப்ரவரியிலதான் க்ளிக் ஏலத்துக்கு வந்தாங்க. வரும்போதே ரெண்டு மாத்தம். ஒண்ணு, நீங்க கேட்ட தொகையைக் கட்ட வேணாம், உங்களுக்குக் கீழ இருக்கறவரை ஜெயிக்க எவ்வளவு தேவையோ அவ்வளவு கட்டினாப் போதும். ஜெயிச்சவர் ரெண்டாவது விலையைக் கட்டற ஏலத்தைப் பத்தி வில்லியம் விக்ரி 1961-லயே எழுதி வெச்சிருக்கார். அவருக்கு 1996-ல நோபல் பரிசு அறிவிச்சாங்க. பாவம், அறிவிச்ச மூணாம் நாள் மனுஷன் போய்ச் சேர்ந்துட்டார். அவருக்கும் முன்னாடியே, 1890-கள்லயே, தபால்தலை சேகரிக்கறவங்க தபால் வழி ஏலத்துல இந்த முறையை வெச்சிருந்தாங்க.

ஆனா கூகுளோட முறை அச்சு அசலா விக்ரி முறை இல்லை. ஒரே பொருளா இருந்தா, மனசுல இருக்கற விலையை அப்படியே சொல்லிடறதுதான் புத்திசாலித்தனம்னு விக்ரி நிரூபிச்சார். இங்க இடம் பல இருக்கறதால அந்த உத்தரவாதம் கிடையாது. 2007-ல எடெல்மன், ஆஸ்ட்ரோவ்ஸ்கி, ஷ்வார்ஸ் மூணு பேரும் கட்டுரை எழுதி இதைக் காட்டினாங்க. 'நாம கேட்டதை விடக் கம்மியாத்தான் கட்டுவோம், சும்மா நூறு ரூபான்னு போட்டு வை'ன்னு யாராவது ஐடியா கொடுத்தா ஓடிடுங்க. கீழ இருக்கறவரும் தொண்ணூறு போட்டு வெச்சிருந்தா யாரு கட்டறது?

ரெண்டாவது மாத்தம்தான் எனக்குப் பிடிச்சது. காசு மட்டும் பத்தாது, ஜனங்க உங்க விளம்பரத்தை எவ்வளவு அமுக்கறாங்கங்கிறதையும் சேத்துப் பெருக்கினாங்க. ஒருத்தர் 20 ரூபா கேக்கறார், அவர் விளம்பரத்தை நூத்துக்கு ரெண்டு பேர் அமுக்கறாங்க. இன்னொருத்தர் 12 ரூபாதான் கேக்கறார், ஆனா நூத்துக்கு அஞ்சு பேர் அமுக்கறாங்க. நூறு தடவை காட்டினா முதலாமவரால 40 ரூபா, ரெண்டாமவரால 60 ரூபா. 12 ரூபாக்காரர்தான் மேல! அவர் 40-ஐத் தாண்டினாப் போதும், ஒரு க்ளிக்குக்கு 8 ரூபா ஆகுது. கீழ இருக்கற 20 ரூபாக்காரருக்கு அடுத்து, 10 ரூபாயும் நூத்துக்கு ரெண்டும்னு ஒருத்தர் இருந்தா, இவர் 10 ரூபா கட்டணும். மேல இருக்கறவர் எட்டு, கீழ இருக்கறவர் பத்து! இதைத்தான் 2005-லேர்ந்து தர மதிப்பெண்னு இன்னும் நாலு சங்கதி சேத்து மெருகேத்தினாங்க. 2018-ல ஆட்வேர்ட்ஸ் 'கூகுள் ஆட்ஸ்' ஆச்சு. இன்னிக்குக் கணக்கு ரொம்பச் சிக்கலாயிடுச்சு, ஆனா அடி எலும்பு இதுதான்.

சரி, அடி அண்ணாமலைக்கு வருவோம். தெரியாதவங்களுக்கு: 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில, பெரிய கோயிலுக்கு நேரெதிரா மலைக்குப் பின்பக்கம் மேற்கே இருக்கற ஊர். ஆதி அருணாசலேஸ்வரர் கோயில் இங்கதான். இங்க வீட்டு மாடியில நாலு ரூம் வாடகைக்கு விடறவர் ஒருத்தரைக் கற்பனை பண்ணிக்குங்க. ரூம் 1,500 ரூபா. கரண்ட், துணி துவைக்கறது, ஆள் கூலி எல்லாம் போக 600 மிச்சம். அம்பது க்ளிக்குக்கு ஒருத்தர் ரூம் எடுப்பார்னு வெச்சா, ஒரு க்ளிக்கு 12 ரூபா கொடுத்தா கைக்கும் வாய்க்கும் சரியாப் போச்சு. 12-க்கு மேல போனா கூகுளுக்குத்தான் ரூம் நடத்தறார்னு அர்த்தம். ஏலத்துக்குப் போறதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு இது ஒண்ணுதான். புளியமரத்தை ஏலம் எடுக்கறவங்க மரத்தை அண்ணாந்து பாத்தே இதைப் போட்டுடுவாங்க.

அடுத்தது எந்த வார்த்தைக்குக் கேக்கறதுங்கிறது. 'அண்ணாமலை'ன்னு பரவலாக் கேட்டு வெச்சா என்ன ஆகும்? சிதம்பரத்துப் பல்கலைக்கழகம், 1992-ல வந்த ரஜினி படம், அரசியல்வாதி எல்லாம் ஒரே வரிசையில வந்து நிப்பாங்க. 'அருணாச்சலா'ன்னு போட்டா தவாங்குக்கு டூர் போறவர் கூட வந்து அமுக்கிட்டுப் போகலாம், 12 ரூபா காலி. அதனால பல்கலைக்கழகம், பிரதேசம், படம், பாட்டுன்னு 'இதெல்லாம் வேணாம்' பட்டியல் ஒண்ணு கட்டாயம் போடணும். இன்னொண்ணு, அருணாச்சலான்னு தேடறவர் பெரும்பாலும் ரமணாஸ்ரமத்துக்கு வந்து பத்து நாள் தங்கற ஆளா இருப்பார். திருவண்ணாமலைன்னு தேடறவர் கிரிவலம் சுத்திட்டு ராத்திரியோட பஸ் ஏறற ஆளா இருக்கலாம். ரெண்டு க்ளிக்குக்கும் ஒரே விலை கேக்கறது வெண்டைக்காயையும் வெள்ளியையும் ஒரே தராசுல நிறுக்கற கதை.

பட்ஜெட்டுலதான் வேடிக்கை. ஒரு நாளைக்கு 100 ரூபான்னு போட்டா, 100 ரூபாயோட நிறுத்திடுவாங்கன்னு நினைப்போம். கிடையாது. தேடல் அதிகமா இருக்கற நாள்ல ரெண்டு மடங்கு, 200 வரைக்கும் போகலாம். மாசத்துக்கு மொத்தமா 30.4 மடங்கு, அதாவது 3,040-ஐத் தாண்டக் கூடாதுங்கிறதுதான் விதி. 2017 அக்டோபருக்கு முன்னாடி ஒரு நாளைக்கு இருபது சதவீதம்தான் கூடப் போகும், அப்புறம்தான் ரெட்டிப்பு ஆக்கினாங்க. நம்ம ஊர்ல தேடல் எப்ப எகிறும்? பௌர்ணமிக்கு. சும்மா விட்டா மிஷின் காசை அங்க கொண்டு போய்க் கொட்டப் பாக்கும். பௌர்ணமிக்கு நாலு ரூமும் எப்படியும் நிரம்பிடும், அன்னிக்கு ஊர்ல இருக்கற அத்தனை பேரும் ஏலத்துல நிப்பாங்க, க்ளிக் விலையும் ஏறும். நிரம்பின ரூமுக்கு அதிக விலை கொடுத்து ஆள் கூப்பிடறது எதுக்கு? என்னைக் கேட்டா பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் விளம்பரத்தை மூடிட்டு, ரூம் காலியாக் கிடக்கற தேய்பிறைச் செவ்வாய்க்கிழமைக்கு அந்தக் காசை வெப்பேன். இப்பல்லாம் ஏலத் தொகையை மிஷினே போடற வசதி இருக்கு. நாலு ரூம்காரருக்கு மாசத்துக்கு வர்ற நாலஞ்சு புக்கிங்கை வெச்சு அது என்னத்தைக் கத்துக்கும்?

இப்ப முக்கியமான மேட்டர். நம்ம பேரையே அடுத்தவன் ஏலம் எடுத்தா?

இந்தக் கேள்வி நம்ம சென்னை உயர் நீதிமன்றத்துக்கே வந்தது. முருகவேல் ஜானகிராமன் 1997-ல அமெரிக்காவுல வேலை பாத்துக்கிட்டே தமிழர்களுக்காக ஒரு இணையதளம் நடத்தினார். அதுல ஒரு ஓரமா இருந்த வரன் பகுதிதான் வளர்ந்து பாரத்மேட்ரிமோனி ஆச்சு. (அவருக்கும் அதுலயே பொண்ணு கிடைச்சது, அது தனிக்கதை.) கம்பெனி பேரு அப்ப கன்சிம் இன்ஃபோ, பின்னாடி மேட்ரிமோனி.காம். 'எங்க பேரைத் தட்டினா ஷாதி, ஜீவன்சாதி, சிம்ப்ளிமேரி விளம்பரம் எல்லாம் வருது, கூகுள் எங்க வணிகப் பேரைக் கூறுபோட்டு விக்குது'ன்னு 2009-ல வழக்கு போட்டாங்க.

நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் (பின்னாடி உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர்) 2010 செப்டம்பர் 30-ல இடைக்காலத் தடை கொடுக்க மறுத்துட்டார். அவர் பிடிச்ச இடம் அந்தப் பேர்களோட தன்மை. 'தமிழ்', 'மேட்ரிமோனி' ரெண்டும் சாதாரண வார்த்தை. தமிழ்ப் பொண்ணு தேடறவன் வேற எதைத் தட்டுவான்? பொருளையே வர்ணிக்கற வார்த்தையைப் பேரா வெச்சுக்கிட்டு மத்தவன் அதைத் தொடக் கூடாதுன்னா எப்படி? இடைக்கால நிலையில சொன்னதுதான், ஆனாலும் முக்கியமான உத்தரவு.

அவங்க விடலை, போட்டி ஆணையத்துக்கும் போனாங்க. 2018 பிப்ரவரி 8-ல ஆணையம் கூகுளுக்கு 135.86 கோடி ரூபா அபராதம் போட்டுச்சு. ஆனா அது தேடல் முடிவுகள்ல தன் சொந்தச் சேவைக்குச் சலுகை காட்டினதுக்கு. ஆட்வேர்ட்ஸ் விஷயத்துல தப்பு எதுவும் இல்லைன்னுட்டாங்க. 2023 ஆகஸ்ட்ல டெல்லி உயர் நீதிமன்றம், அகர்வால் பேக்கர்ஸ் வழக்குல, கொஞ்சம் திருப்பிப் போட்டுச்சு: அடுத்தவர் வணிகப் பேரை ஏலத்துல விக்கறதுல கூகுள் சும்மா வேடிக்கை பாக்கற ஆள் இல்லை, பங்காளிதான். ஆனா ஜனங்க குழம்பினாத்தான் அது குற்றம்.

இதை அப்படியே எடுத்துக்கிட்டு நம்ம ஊர்ப் போர்டுகளைப் பாருங்க. அருணாச்சலா லாட்ஜ், அண்ணாமலையார் இல்லம், ரமணா விடுதி, கிரிவலம் ரெசிடென்சி! 2010 உத்தரவோட லாஜிக் படி பாத்தா இதுல எதை யாரு தடுக்க முடியும்? பெரிய புக்கிங் தளம் ஒண்ணு உங்க லாட்ஜ் பேருக்கே ஏலம் கேட்டு, உங்களைத் தேடி வந்தவரை உங்ககிட்டயே கமிஷனுக்குக் கூட்டிக்கிட்டு வரலாம்.

அப்ப நம்ம பேரை நாமே ஏலம் எடுக்கணுமா? ஈபே 2012-ல தன் பேருக்குப் போட்ட விளம்பரங்களை யாஹூவுலயும் மைக்ரோசாஃப்ட் தேடல்லயும் நிறுத்திப் பாத்துச்சு. நிறுத்தின க்ளிக்குல 99.5 சதவீதம் கீழ இருக்கற இலவச முடிவு வழியா அப்படியே வந்து சேந்துடுச்சு. ஈபே பேரு ஊருக்கே தெரியும், அதனால அது பொழைச்சுது. நாலு ரூம்காரர் மாசத்துக்கு ஒரு தடவை தன் பேரைத் தானே தட்டிப் பாக்கட்டும் (தன் விளம்பரத்தை அமுக்காம!). மேல வேற யாரும் இல்லைன்னா காசு வேணாம். யாராவது உக்காந்திருந்தா, சொந்தப் பேருக்கு அமுக்கறவங்க அதிகம்ங்கிறதால மேல சொன்ன பெருக்கல் கணக்குல கம்மி விலையிலயே அவரைத் தாண்டிடலாம். 12 ரூபா வரைக்கும் போகவே தேவையிருக்காது.