எடுப்பதும் கொடுப்பதும்: 'ஞானஸ்நானம்' வந்த வழி

"ஞானஸ்நானம் எடுத்தாச்சா?" என்று கேட்பார்கள் பெந்தெகொஸ்தே சபையில். கத்தோலிக்க வீட்டில் பிள்ளைக்கு ஞானஸ்நானம் 'கொடுப்பார்கள்'. இந்த இரண்டு வினைகளுக்குள்ளேயே பாதி வழக்கு இருக்கிறது: நம்பி முன்வந்தவர் எடுப்பதா, பேச்சறியாப் பிள்ளைக்கும் திருச்சபை கொடுப்பதா? மீதிப் பாதி இன்னும் கனமானது. தண்ணீர் படாமலே கண்மூடியவருக்கு மீட்பு உண்டா?

மூலச்சொல் கிரேக்கத்து 'பாப்டிட்ஸோ'. அதற்கு முந்திய வினை 'பாப்டோ': தோய்த்தல், சாயமேற்றுதல். வரலாற்றாசிரியர் பொலிபியஸ் கடலில் அமிழ்ந்த கப்பல்களுக்கு 'பாப்டிட்ஸோ'வை ஆண்டார். தொழுநோயாளி நாமான் யோர்தானில் ஏழு முறை முழுகியதைச் சொல்லவும் பழைய ஏற்பாட்டின் கிரேக்கப் பெயர்ப்பில் இதே சொல்தான். ஆகவே முழுகுவதே சொல்லின் இயல்பு. ஆனால் ஆதித் திருச்சபையின் 'திதாகே' என்னும் கையேடு ஓடும் நீரை விரும்பினாலும், தண்ணீர் போதாத இடத்தில் தலையில் மூன்று முறை ஊற்றினால் போதும் என்று அன்றே விட்டுக்கொடுத்தது.

தமிழுக்கு வருவோம். முத்துக்குளித்துறைப் பரதவர் 1530களில் ஊர் ஊராகத் திருமறையில் சேர்ந்தார்கள். அடுத்த நூற்றாண்டில் மதுரையில் தங்கிய இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நோபிலி வடசொல் கலந்த ஒரு கிறிஸ்தவத் தமிழை வளர்த்தார். 'ஞானஸ்நானம்' வேரூன்றியது அந்தத் தமிழில்தான். இதிலுள்ள 'ஞானம்' படிப்பறிவு அன்று. ஞானத்தகப்பன், ஞானத்தாய் என்கிறோமே, அதே 'ஞானம்': உடலுக்கல்ல, ஆன்மாவுக்கு உரியது. பிராட்டஸ்டண்டு சபைகள் இச்சொல்லை இன்றும் விடவில்லை. கத்தோலிக்கர் 'திருமுழுக்கு' என்றார்கள். பழைய ஸ்நாபக அருளப்பர் இப்போது திருமுழுக்கு யோவான்.

எனக்கு முழுக்கே பிடிக்கும். மாயவரத்துக் கடைமுழுக்கும் கோயில் குடமுழுக்கும் அறிந்த காதுக்கு அது அந்நியமில்லை. அதைவிட முக்கியம், தலைமுழுகுதல். சாவு வீட்டுக்குப் போய் வந்தவர் தலைமுழுகுவார். உறவை அறுத்தவரும் "அவனைத் தலைமுழுகிட்டேன்" என்பார். உரோமையருக்கு எழுதிய கடிதத்தின் 6ஆம் அதிகாரத்தில் பவுல் சொல்வதும் இதுதான்: முழுக்கு என்பது கிறிஸ்துவோடு செத்துப் புதைக்கப்படுவது, பழைய ஆளை அறுத்துவிடுவது. நம் வழக்கில் அதற்கு உரையாசிரியர் தேவையில்லை.

இனி, அது கட்டாயமா? நீராலும் ஆவியாலும் பிறக்க வேண்டும் என்கிறது யோவான் நற்செய்தி. திருமுழுக்கு அவரவர் விருப்பம், மீட்புக்குத் தேவையில்லை என்பவரை 1547இல் திரிதெந்து சங்கம் சபித்தது. ஆனால் சிலுவையில் தொங்கிய கள்வனுக்குத் தண்ணீரேது? திருத்தூதர் பணிகள் நூலில் வரும் கொர்நேலியு வீட்டில் ஆவி முதலில் இறங்கியது, தண்ணீர் பிறகுதான் வந்தது. திருமுழுக்குப் பெறாமல் இறந்துபோன பேரரசர் இரண்டாம் வாலன்டினியனுக்காக 392இல் இரங்கலுரை ஆற்றிய ஆயர் அம்புரோசு, அவர் கேட்டிருந்தாரே, கேட்டது கிடைத்தது என்று சகோதரிகளைத் தேற்றினார். 'ஆசை ஞானஸ்நானம்' என்று மறைக்கல்வியில் படித்தோமே, அதற்கு இந்த உரை ஒரு பழைய சான்று. இரட்சணிய சேனையார் தண்ணீர்ச் சடங்கே இல்லாமல் கிறிஸ்துவைப் பின்பற்றுகிறார்கள்.

பிறந்த குழந்தை பிழைக்காது என்றால், குருவானவர் வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்கிறது கத்தோலிக்கச் சட்டம். பக்கத்தில் நிற்கும் செவிலி, அவர் கிறிஸ்தவராக இல்லாவிட்டாலும், திருச்சபையின் எண்ணத்தோடு தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் அந்தச் சின்ன நெற்றியில் ஒரு கை தண்ணீர் ஊற்றினால் அது முழுத் திருமுழுக்கே. தண்ணீரைத் திருச்சபை எவ்வளவு பெரிதாக நினைக்கிறது என்பது இதில் தெரியும். நாமும் திருமுழுக்கைத் தள்ளிப்போடக் கூடாது. அதற்கும் நேரமில்லாமல் போன பிள்ளையைக் கடவுள் கைவிட்டார் என்று சொல்ல மட்டும் எவருக்கும் உரிமையில்லை.

அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் திருச்சபை அடக்கச் சடங்கையே ஒருகாலத்தில் மறுத்தது. திருமுழுக்குக் கொடுக்கப் பெற்றோர் எண்ணியிருந்தால், ஆயரின் அனுமதியோடு அடக்கச் சடங்கைச் செய்யலாம் என்கிறது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் தயங்காமல் பங்குத்தந்தையிடம் கேளுங்கள்.