ஹெடர் இருக்கு, லைப்ரரி எங்கே?

போன ஞாயிற்றுக்கிழமை பையன் லேப்டாப்போடு வந்து உட்கார்ந்தான். "அப்பா, ஹெடர் எல்லாம் சேர்த்துட்டேன், கம்பைலும் ஆகுது. ஆனா கடைசியில 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்'னு வருதே, ஏன்?" இத்தனை வருஷமா என்னைப் படுத்திய அதே வரி!

கோலார் தங்கவயல் ஸ்கெலட்டன்காரனுக்கு உதாரணமும் ஊரிலிருந்துதானே வரும்? 1902-ல் காவிரிக்கரை சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டருக்குக் கம்பி இழுத்து எங்கள் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டு வந்தார்கள். ஹெடர் என்பது சுவரில் இருக்கும் சுவிட்ச். எதை எப்படி அழுத்தணும் என்று மட்டும் சொல்லும். லைப்ரரிதான் சிவசமுத்திரம். இரண்டுக்கும் நடுவே கம்பி இழுப்பதுதான் லிங்க் செய்வது.

இரண்டும் ஏன் தனித்தனி? பிறந்த காலம் வேறு. லைப்ரரிதான் மூத்தது. கேம்பிரிட்ஜின் எட்சாக் கணினி 1949-ல் ஓடத் தொடங்கியது. அதன் துணைநிரல் தொகுப்பைப் பற்றி வில்க்ஸ், வீலர், கில் மூவரும் 1951-ல் புத்தகமே போட்டார்கள். சி மொழியில் ஹெடரைச் சேர்க்கும் வசதி 1972-73 வாக்கில்தான் வந்தது. அந்தக் கால சி-யில் ஹெடரே இல்லாமல் ஒரு ஃபங்ஷனை அழைக்கலாம். அது 'இன்ட்' தரும் என்று கம்பைலர் தானாக ஊகித்துக்கொள்ளும். லைப்ரரி கிடைத்தால் புரோகிராம் ஓடும், சில நேரம் தப்பாக! 1999-ம் வருஷத் தரம்தான் இந்த ஊகத்தை நீக்கியது.

அதனால் கன்ஃபிகர் செய்யும்போது ஹெடர் ஃபோல்டரை 'மைனஸ் பெரிய ஐ' போட்டும், லைப்ரரி ஃபோல்டரை 'மைனஸ் பெரிய எல்' போட்டும், லைப்ரரியின் பெயரை 'மைனஸ் சின்ன எல்' போட்டும் தனித்தனியாகக் கொடுக்கணும். பையன் மூன்றாவதை விட்டிருந்தான். சேர்த்ததும் ஓடியது.

அப்புறம் கேட்டான் பாருங்கள்: "சாம்பியன் ரீஃப்ல இப்பவும் தங்கம் எடுக்கறாங்களாப்பா?"

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள் என்றேன். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம், நூறு வருஷத்துக்கும் மேல் தமிழர்கள் இறங்கிய குழி. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் சாம்பியன் ரீஃப், ஊரிகம், மாரிகுப்பம் என்ற பெயர்கள்தான். ஹெடரைக் கொடுத்த நான் லிங்க் கொடுக்கவில்லை.

அடுத்த லீவில் பெங்களூரில் இறங்கி மாரிகுப்பம் ரயிலில் அவனைக் கூட்டிப்போகணும். உங்கள் வீட்டில் எப்படி?