கோப்பிக்காக வந்த இருப்புப்பாதை

இலங்கையில் புகையிரதம் மக்களுக்காக வந்ததன்று, கோப்பிக்காக வந்தது. கண்டி மலைநாட்டில் விளைந்த கோப்பி, மாட்டுவண்டிகளில் கொழும்புத் துறைமுகத்தை அடையப் பல நாட்கள் பிடித்தன. மழைக்காலமெனில் வண்டிகள் சேற்றில் புதைந்தன. தோட்டத் துரைமாரின் இடையறாத வற்புறுத்தலின் பேரில், 1858ஆம் ஆண்டு தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் வேலைகளைத் தொடக்கிவைத்தார். 1864 டிசம்பரில் முதற் புகையிரதம் கொழும்பிலிருந்து அம்பேபுச வரை ஓடியது. 1867இல் பாதை கண்டியை எட்டியது.

பின்னர் கோப்பி நோயால் அழிந்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பாதை மேலும் மலையேறியது. 1874இல் நாவலப்பிட்டி, 1885இல் நானுஓயா, 1924இல் பதுளை. இத்தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளரோ, தொடக்ககாலத்தில் மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே கால்நடையாக மலைநாடு சென்றவர்கள். பசியாலும் நோயாலும் வழியில் மாண்டோர் பலர்.

வடபகுதி நெடுங்காலம் காத்திருந்தது. ஏற்றுமதிக்கான பெருந்தோட்டங்கள் அங்கு இல்லாமையே காரணம் எனலாம். காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே 1902இல் வண்டி ஓடத் தொடங்கியது. 1905இலேயே வடபாதை முழுமை பெற்றது. கண்டிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலான தாமதம் 38 ஆண்டுகள்! எனினும், வந்த பாதை குடாநாட்டின் வாழ்வை மாற்றியது. புகையிலையும் வெங்காயமும் தெற்கே சென்றன. எழுதுவினைஞரும் ஆசிரியரும் மாணவரும் கொழும்புக்குப் பயணமாயினர்.

1914இல் தலைமன்னார்ப் பாதை திறக்கப்பட்டதும், தனுஷ்கோடிக்குக் கப்பல் சேவை ஆரம்பமாயிற்று. ஒரே பயணச்சீட்டில் சென்னையிலிருந்து கொழும்புக்கு வரலாம் என்ற நிலை தோன்றியது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேஸ்வரத்திலிருந்து நடைபெற்ற சேவையும் 1980களில் போரினால் நின்றது. மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் 1920களின் பிற்பகுதியில் பாதைகள் கிடைத்தன.

1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவியை அறியாத தமிழர் இலர். 1990இல் யாழ்ப்பாணத்துக்கான சேவை அடியோடு நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. ஊர்களை இணைத்த இரும்பு, குண்டுமழையிலிருந்து உயிர் காக்கும் கவசமாயிற்று.

போர் 2009இல் முடிந்தபின், இந்தியக் கடனுதவியுடன் பாதை மீள அமைக்கப்பட்டது. 2014 அக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் வண்டி திரும்பியது. ஆயினும், அதில் ஏறவேண்டிய பலர் இன்று உலகெங்கும் சிதறிக் கிடக்கின்றனர். தண்டவாளத்தைச் சில ஆண்டுகளில் மீளப் பதித்துவிடலாம். பெயர்ந்த குடிகளை மீள இருத்துதல் அத்தனை இலகுவன்று.

புலம்பெயர்ந்த நாட்டில் வளரும் நம் பிள்ளைகளுக்கு ஓமந்தை, மாங்குளம், முறிகண்டி, ஆனையிறவு, கொடிகாமம், சுன்னாகம், மாவிட்டபுரம் என்று அந்த நிலையங்களின் பெயர்களையாவது வரிசையாகச் சொல்லிக் கொடுப்போம். அது வெறும் பெயர்ப்பட்டியலன்று. அவர்களுடைய மண்ணின் பூகோளம்.