கடிப்பித்தல்

பல வருஷங்களுக்கு முன் பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில நாவல் ஒன்றிலிருந்து ஓர் அத்தியாயத்தை மொழிபெயர்த்து ஒரு சிறு பத்திரிகைக்குக் கொடுத்தேன். கோச்சு வண்டிப் பயணிகள் வழியில் ஒரு சத்திரத்தில் 'பெய்ட்' பண்ண நிற்பதாக அதில் ஒரு வாக்கியம் வரும். பயணிகள் குதிரைகளைச் சீண்டி விளையாடினார்கள் என்று தமிழாக்கினேன். அச்சிலும் வந்துவிட்டது. இரண்டு வாரத்தில் நண்பர் ஒருவரிடமிருந்து ஒரு கார்டு. ஒரே வரி: 'நாள் பூராவும் வண்டி இழுத்த குதிரைகளை ஏன் ஐயா சீண்டினார்கள்?'

குதிரைகளுக்குத் தீனி வைக்க நின்றிருக்கிறார்கள். அவ்வளவுதான். வெட்கம் அடங்கிய பிறகு ஒரு கேள்வி மிஞ்சியது. தீனி வைப்பதற்கும் வதைப்பதற்கும் ஒரே சொல் எப்படி?

பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல் இது. 1200ஐ ஒட்டிய ஆங்கில எழுத்திலேயே இருக்கிறது. 'பைட்' என்றால் கடி. 'பெய்ட்' அதன் பிறவினை, கடிப்பி. நம்முடைய உண், ஊட்டு மாதிரி. குதிரையைப் புல்லைக் கடிக்கச் செய்தால் தீனி. மீனை முள்ளைக் கடிக்கச் செய்தால் இரை. நாயைக் கரடியைக் கடிக்கச் செய்தால் வதை. வட இங்கிலாந்தில் டர்ஹம் பகுதிச் சுரங்கத் தொழிலாளிகள் வேலைக்குக் கட்டிக்கொண்டு போன சாப்பாட்டுக்கும் இதே பெயர்தான்.

இந்த வேர் பழைய பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்து 'அபெட்' ஆயிற்று. குற்றம் செய்யத் தூண்டுவது. 1860ஆம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டம் இதற்கென்று தனி அத்தியாயம் ஒதுக்கியது. 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்தக் குற்றம் இருக்கிறது. தமிழில் தூண்டு என்ற வினையிலிருந்துதான் தூண்டில். மீன் பிடிக்கும் கருவியும் குற்றத்துக்கு ஏவுதலும் இங்கேயும் ஒரே வேரில் நிற்கின்றன. உறவில்லாத இரண்டு மொழிகள் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்திருக்கின்றன.

இன்னும் பின்னால் போனால் 'பிளத்தல்' என்ற பொருள் கொண்ட ஓர் இந்தோ ஐரோப்பிய மூலம். சமஸ்கிருதத்தின் 'பேதம்' அதிலிருந்து வந்தது. நாம் கடன் வாங்கி வைத்திருக்கும் பேதம் இந்த ஆங்கிலச் சொல்லுக்குத் தூரத்துப் பங்காளி. நான்கு உபாயங்களில் ஒன்று பேதம். எதிராளிகளைப் பிரித்து ஒருவர்மேல் ஒருவரை விடுவது. சொல்லின் வம்சாவளி எதையும் நிரூபிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் கடிப்பித்தலுக்கும் பேதத்துக்கும் ஒரு முகஜாடை தெரிகிறது.

நம் இலக்கணக்காரர்கள் கருத்தாவை இரண்டாகப் பிரித்தார்கள். தச்சன் கோயில் கட்டினான் என்றால் இயற்றுதல் கருத்தா. அரசன் கோயில் கட்டினான் என்றால் ஏவுதல் கருத்தா. அரசன் கல்லைத் தொட்டதில்லை. ஆனாலும் எழுவாய் அவன்தான். 'பெய்ட்' முழுக்க முழுக்க ஏவுதல் கருத்தாவின் வினை. நாயின் வாயில் ரத்தம் இருக்கும். ஏவியவன் வாய் சுத்தமாக இருக்கும். காசு கொடுத்து இதைப் பார்க்க வருகிறவன் இன்னும் ஒரு படி தள்ளி உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு இலக்கணத்தில் பெயர் இல்லை.

அந்தப் பெயரில்லாதவனுக்காகக் கட்டிய இடங்கள் லண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையில், பாங்க்சைட் பகுதியில் இருந்தன. நடுவில் ஒரு கம்பம், சங்கிலியில் கரடி, அதன்மேல் மாஸ்டிஃப் நாய்கள், சுற்றிலும் மரத்தாலான காலரிகள். இது கீழ்மக்களின் விளையாட்டு மட்டுமல்ல. 1575இல் கெனில்வர்த் கோட்டையில் எலிசபெத் ராணிக்கு நடந்த உபசாரத்தில் 13 கரடிகள் வந்தன. 1583 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாங்க்சைட் காலரி சரிந்து சிலர் செத்தபோது, ஓய்வுநாளை மீறியதற்குக் கடவுள் தந்த தண்டனை என்று பிரசங்கிகள் எழுதினார்கள். 1591இல் பிரிவி கவுன்சில் ஓர் உத்தரவு போட்டது. வியாழக்கிழமைகளில் நாடகம் போடக் கூடாது, கரடி ஆட்டத்துக்குக் கூட்டம் குறைகிறது என்று.

அதாவது நாடகமும் கரடி வதையும் ஒரே கூட்டத்துக்குப் போட்டி போட்டன. பல சமயங்களில் ஒரே முதலாளிக்கு இரண்டுமே சம்பாதித்துக் கொடுத்தன. மார்லோவின் நாயகர்களாக நடித்துப் புகழ்பெற்ற எட்வர்ட் ஆலினும், அவனுடைய மாமனார் பிலிப் ஹென்ஸ்லோவும் 1604இல் அரசரின் கரடி, காளை, நாய் விளையாட்டுகளுக்கு அதிகாரிகளானார்கள். 1614இல் ஹென்ஸ்லோ திறந்த ஹோப் என்ற அரங்கின் மேடை கழற்றி மாட்டக்கூடியது. சில நாள் நாடகம், சில நாள் கரடி. பென் ஜான்சனின் 'பார்தலோம்யூ ஃபேர்' அங்கேதான் அரங்கேறியது. அதன் முன்னுரைக் காட்சியிலேயே அந்த இடத்தின் நாற்றத்தை ஜான்சன் கிண்டல் செய்கிறான். ஆலின் 1619இல் டல்லிச்சில் ஒரு கல்லூரியை நிறுவினான். அந்தப் பணத்தில் எவ்வளவு வசனம், எவ்வளவு கரடி என்று பிரிக்க முடியாது.

இதை ஒழித்த கதையும் அவ்வளவு அழகல்ல. 1656இல் ப்யூரிட்டன் தளபதி தாமஸ் பிரைடின் உத்தரவில் கரடிகளையே சுட்டுக் கொன்றார்கள். கரடியின் வலி அவர்களுக்கு ஒரு பொருட்டல்ல, பார்ப்பவனின் சந்தோஷம்தான் அவர்களை உறுத்தியது என்ற பொருளில் பின்னால் மெக்காலே சொன்னது பிரசித்தம். முடியாட்சி திரும்பியதும் கரடிகளும் திரும்பின. 1800இல் காளை வதையைத் தடை செய்யும் மசோதா காமன்ஸ் சபையில் இரண்டு ஓட்டில் தோற்றது. பணக்காரனுடைய வேட்டையை விட்டுவிட்டு ஏழையின் பொழுதுபோக்கில் கை வைக்கிறீர்களே என்று வில்லியம் விண்டம் கேட்டார். அவருடைய முடிவு தப்பு, கேள்வி தப்பில்லை. 1822இல் கால்நடைகளைப் பாதுகாக்க ஒரு சட்டம் வந்தது. 'கால்நடை' என்ற சொல்லில் காளை அடங்காது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடைசியில் 1835இல்தான் தடை வந்தது.

வழக்கம் அங்கே ஒழிந்த பிறகு சொல் கப்பலேறி இங்கே வந்தது. மதுரைப் பக்கத்தைப் பற்றி எழுதிய ஆங்கிலேயர்கள் ஜல்லிக்கட்டுக்கு 'புல் பெய்ட்டிங்' என்று பெயர் வைத்தார்கள். ஜல்லிக்கட்டில் கம்பம் இல்லை, நாயும் இல்லை. மனிதன் தானே இறங்குகிறான். குத்துப்பட்டால் அவன் குடல்தான் சரிகிறது. ஏவுதல் கருத்தாவின் வினையை இயற்றுதல் கருத்தாவின் தலையில் கட்டிவிட்டார்கள். காளைக்கு வலியே இல்லை என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அது வேறு விவாதம். சொல் தவறு என்பது மட்டும் என் கட்சி.

இலக்கியம் மனிதனைப் பண்படுத்துகிறது என்று இதைப் போன்ற பத்திரிகைகளில் நானும் எழுதியிருக்கிறேன். பாங்க்சைட் சரித்திரத்தைப் படித்த பிறகு அதே சுலபத்தோடு எழுத முடியவில்லை. உலகத்தின் உன்னத நாடகங்கள் கரடியின் அலறல் எட்டும் தூரத்தில் நடந்தன. ரசிகன் இங்கே அழுதான். மறுநாள் அங்கே பந்தயம் கட்டினான். ஒன்று இன்னொன்றைத் திருத்தியதாகத் தெரியவில்லை. ஷேக்ஸ்பியர் கரடித் தோட்டத்திலிருந்து தாராளமாக எடுத்துக்கொண்டான். மக்பெத் கடைசியில் தன்னைக் கம்பத்தில் கட்டிய கரடியாகத்தான் பார்க்கிறான்.

ஆனால் லியர் நாடகத்தின் மூன்றாம் அங்கத்தில் ஒன்று நடக்கிறது. கிழவன் க்ளாஸ்டரை நாற்காலியில் கட்டுகிறார்கள். தன்னைக் கம்பத்தில் கட்டிவிட்டார்கள், தாக்குதலை நின்று வாங்கித்தான் ஆக வேண்டும் என்கிறான் அவன். வதையரங்கின் பாஷை. கார்ன்வால் பிரபு ஒரு கண்ணைப் பிடுங்குகிறான். அப்போது அவனுடைய சொந்த வேலைக்காரன் ஒருவன், சின்ன வயதிலிருந்து அவனிடம் ஊழியம் பார்த்தவன், போதும் நிறுத்து என்று குறுக்கே வருகிறான். ரீகன் அவனை நாயே என்று ஏசுகிறாள். நாய் என்ற வசவு இந்த இடத்தில் தற்செயலாக வரவில்லை என்பது என் எண்ணம். அந்த வீட்டில் வேலைக்காரன் என்பவன் ஏவினால் கடிக்க வேண்டியவன். அவன் திரும்பி ஏவியவனைக் கடிக்கிறான். கார்ன்வால் அந்தக் காயத்திலேயே சாகிறான். வேலைக்காரனை ரீகன் பின்னாலிருந்து குத்திக் கொல்கிறாள். இரண்டாவது கண்ணும் போய்விடுகிறது. ஷேக்ஸ்பியர் அவனுக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை.

இவ்வளவுதான் நாடகத்தால் முடிந்திருக்கிறது. கரடித் தோட்டத்தில் இருந்த அத்தனையும் அந்தக் காட்சியில் இருக்கின்றன: கட்டு, கூட்டம், ரத்தம். கூடுதலாக இருப்பது அந்த ஒரு ஆள். இலக்கியத்தின் பங்கு அந்தக் கூடுதல் ஆள் என்று சொல்லிக்கொள்ளலாம். அதற்கு மேல் சொன்னால் பொய்.

நண்பரின் கார்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அகராதியைப் புரட்டாதது சின்னத் தப்பு என்று இத்தனை நாள் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். களைத்துப்போன குதிரைகளைப் பயணிகள் சும்மா சீண்டினார்கள் என்று எழுதும்போது எனக்கு அதில் எதுவும் விசித்திரமாகப் படவில்லை. மனிதர்கள் அப்படித்தான் என்று நினைத்து அடுத்த வாக்கியத்துக்குப் போயிருக்கிறேன். கேட்கத் தோன்றியது நண்பருக்குத்தான்.