இன்சுலின் பையின் கதை

இந்த வாரம் ராஜா ராணி இல்லை, கோட்டை இல்லை. போர் மட்டும் கொஞ்சம் நடுவில் வரும். இன்னைக்கு நாம பேசப்போவது ஒரு பையைப் பற்றி.

என் லேப்டாப் பேக்கின் முன் ஜிப்பைத் திறந்தால் உள்ளே ஒரு குட்டிப் பை இருக்கும். இரண்டு இன்சுலின் பேனா, அதுக்கான ஊசிகள், குளுக்கோமீட்டர், ஸ்ட்ரிப் டப்பா, ஒரு பாக்கெட் குளுக்கோஸ் பவுடர், நாலு கடலை மிட்டாய். (சுகர் இறங்கும்போது கடலை மிட்டாய் சீக்கிரம் வேலை செய்யாது. அதிலிருக்கும் கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். ஆனா எனக்குப் பிடிக்கும், அவ்ளோதான்.) காலேஜ் இரண்டாம் வருஷத்தில் எனக்கு டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரியவந்தது. அன்றிலிருந்து இந்தப் பை இல்லாமல் தெருமுனை வரைக்கும்கூட நான் போகக்கூடாது. ஆனா ஒருமுறை போனேன்.

முதல் வேலை, முதல் டீம் அவுட்டிங், ஏலகிரி. வேன்ல எல்லாரும் பார்க்க வயிற்றில் ஊசி போட்டுக்க வெட்கம். அதனால கிளம்பும்போதே ரூமில் டோஸைப் போட்டுட்டு, பையை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். வழியில் டிபன் சாப்பிட வேன் நிற்கும் என்று கணக்கு. நிற்கவில்லை. மலை அடிவாரத்துக்கு வரும்போது கை நடுங்குது, வியர்த்துக் கொட்டுது, பேச்சு குழறுது. பக்கத்தில் இருந்தவர் குனிந்து என் வாயை மோந்து பார்த்தார். "காலையிலேயேவாடா?" என்று கேட்டார். கடைசியில் ஒரு பெட்டிக்கடை அக்கா கலக்கிக் கொடுத்த இரண்டு கிளாஸ் நன்னாரி சர்பத்தான் என்னைக் காப்பாற்றியது. அந்த வாயை மோந்து பார்த்த சீனை நினைவில் வைங்க, பின்னால ஒரு முக்கியமான இடத்தில் திரும்ப வரும்.

இந்தப் பைக்குள் இருப்பதெல்லாம் அதுக்குள்ள எப்படி வந்தது என்று தேடத் தொடங்கியது அதுக்கு அப்புறம்தான்.

ஆரம்பத்தில் இன்சுலினை எடுத்துக்கொண்டு வெளியே போகிற பிரச்சினையே கிடையாது. ஏன்னா, இன்சுலின் இருக்கும் ஊருக்கு நீங்கதான் போகணும். 1921 கோடையில் கனடாவின் டொராண்டோவில் பேன்டிங், பெஸ்ட் இருவரும் நாய்களின் கணையத்தில் ஆராய்ச்சியைத் தொடங்குகிறார்கள். 1922 ஜனவரி 11 அன்று லெனார்ட் தாம்சன் என்கிற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி. மருந்தில் அசுத்தம் அதிகம், பெரிய பலன் இல்லை. காலிப் என்கிற வேதியியலாளர் அதைச் சுத்திகரித்துக் கொடுத்த பிறகு, ஜனவரி 23 அன்று போட்ட ஊசிதான் வேலை செய்தது. இந்தக் கதை நிறைய பேருக்குத் தெரியும், வேகமா தாண்டிடலாம்.

எனக்கு நெருக்கமான ஆள் எலிசபெத் ஹியூஸ். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் சார்லஸ் எவான்ஸ் ஹியூஸின் மகள். 1919-ல், 11 வயதில் நோய் தெரிகிறது. அப்போது இருந்த ஒரே வைத்தியம் டாக்டர் ஆலனின் பட்டினி முறை. சாப்பாட்டை அளந்து அளந்து குறைத்து, உயிரை மட்டும் இழுத்துப் பிடிப்பது. 1922 ஆகஸ்டில் டொராண்டோ போய்ச் சேரும்போது எலிசபெத்துக்கு 15 வயது ஆகப்போகிறது, எடை ஏறக்குறைய 20 கிலோ. நம்ம ஊர் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் எடை. இன்சுலின் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே ரொட்டி, உருளைக்கிழங்கு எல்லாம் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். நவம்பர் கடைசியில், ஊசியைத் தானே போட்டுக்கொள்ளத் தெரிந்த பெண்ணாக வீடு திரும்பினார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் என்னை உலுக்கியது. எலிசபெத் படித்தார், கல்யாணம் செய்தார், மூன்று குழந்தைகள், 1981 வரை வாழ்ந்தார். வாழ்நாளில் ஏறத்தாழ 42,000 ஊசிகள் என்று ஒரு கணக்கு உண்டு. ஆனா தன் நோயை வெளியே சொல்லவே இல்லை. பட்டினிக் காலத்துப் புகைப்படங்களை அழித்தார். அப்பாவின் ஆவணங்களில் தன் நோய் பற்றி இருந்த வரிகளையும் நீக்கினார். இன்சுலினின் வரலாற்றை எழுதிய மைக்கேல் பிளிஸ், அவர் இறந்திருப்பார் என்று நினைத்துத் தேடப் போய், உயிரோடு இருந்தவரைக் கண்டுபிடித்தார். உலகத்தில் முதன்முதலாக இன்சுலினால் பிழைத்தவர்களில் ஒருவர், 60 வருஷம் அதை மறைத்தே வைத்திருக்கிறார். நான் மறைத்தது ஒரு வேன் பயணம் மட்டும்தான்.

மறைப்பது அந்தக் காலத்தில் லேசான காரியமும் இல்லை. அன்றைய பையை யோசிச்சுப் பாருங்க. கண்ணாடி சிரிஞ்ச், கீழே விழுந்தால் போச்சு. எஃகு ஊசி, மழுங்கினால் கல்லில் தீட்டிக்கணும். இரண்டையும் தண்ணீரில் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்யணும். பயணம் என்றால் சிரிஞ்சை ஸ்பிரிட்டில் ஊறப்போட ஒரு உலோகக் குப்பி. சிறுநீரில் சர்க்கரை பார்க்க பெனடிக்ட் கரைசல், டெஸ்ட் டியூப், ஸ்பிரிட் விளக்கு. 5 மில்லி கரைசலில் 8 சொட்டுச் சிறுநீர் விட்டுச் சூடாக்கினால் நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு என்று நிறம் மாறும். +2 கெமிஸ்ட்ரி லேபில் நாம எல்லாரும் செய்ததுதான். அதை ஒரு ரயில் பெட்டியில் செய்வதை நினைத்துப் பாருங்க. 1940-களில் வந்த கிளினிடெஸ்ட் மாத்திரை இந்த விளக்கை ஒழித்தது. மாத்திரையில் இருக்கும் காஸ்டிக் சோடா கரையும்போது தானே சூட்டைக் கிளப்பும், தீ தேவையில்லை. தெரியாமல் விழுங்கினால் தொண்டை வெந்துவிடும், அது வேற விஷயம். 1936-ல் டென்மார்க்கின் ஹேகடார்ன் மெதுவாகக் கரையும் இன்சுலினைக் கொண்டுவந்ததால் ஊசிகளின் எண்ணிக்கையும் குறைந்தது. காலையில் வீட்டிலேயே போட்டுவிட்டு வேலைக்குப் போகலாம் என்கிற நிலை.

இதெல்லாம் கடையில் மருந்து இருக்கிற வரைக்கும்தான். இல்லாவிட்டால்?

எவா சாக்ஸல். பிராகைச் சேர்ந்த யூதப் பெண். ஹிட்லருக்குத் தப்பி, கணவர் விக்டரோடு ஷாங்காய் போகிறார். அங்கே போன பிறகுதான் அவருக்கு நோய் தெரிகிறது. 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பிறகு ஜப்பான் ஷாங்காய் முழுவதையும் பிடிக்கிறது. மருந்துக் கடைகள் மூடப்படுகின்றன. கள்ளச்சந்தையில் கிடைப்பதை நம்ப முடியாது. கையிருப்பு நாளுக்கு நாள் குறைகிறது. விக்டர் ஒரு டெக்ஸ்டைல் இன்ஜினியர், மருத்துவத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. இருவரும் ஒரு மருத்துவப் பாடப்புத்தகத்தைத் தேடிப்பிடிக்கிறார்கள். அதில் பேன்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்த முறை இருக்கிறது. ஒரு சீன வேதியியலாளர் தன் ஆய்வகத்தில் இடம் கொடுக்கிறார். நீர் எருமைகளின் கணையத்தை வாங்கிவந்து, முயல்களில் சோதித்துச் சோதித்து, கடைசியில் பழுப்பு நிறத்தில் ஒரு திரவம் வருகிறது. மனிதர்களில் முதல் ஊசி எவாவுக்கே. பிழைத்தார். அந்தப் பழுப்பு இன்சுலினை வைத்தே போர் முடியும்வரை ஷாங்காயில் 400-க்கும் மேற்பட்டவர்கள் தாக்குப்பிடித்தார்கள். எவா பின்னாளில் அமெரிக்கா போய், ஊர் ஊராகச் சர்க்கரை நோய் பற்றிப் பேசினார். எலிசபெத் மறைத்ததை இவர் மேடை போட்டுச் சொன்னார்.

நான் ஒரு இன்ஜினியர் என்பதால் விக்டர் மேல் தனிப் பாசம். அதே ஜாதியில் இன்னொருத்தர்: ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன். அமெரிக்கர், 12 வயதிலிருந்து டைப் 1, படித்தது இன்ஜினியரிங். 1969-ல் ஒரு விளம்பரத்தைப் பார்க்கிறார். ஏம்ஸ் கம்பெனியின் ஒரு கருவி, ஒரு சொட்டு இரத்தத்தில் சர்க்கரை அளவை எண்ணாகக் காட்டும். ஒரு கிலோவுக்கு மேல் எடை, பல நூறு டாலர் விலை. யாருக்காக விற்றார்கள் தெரியுமா? ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுகளுக்கு. ராத்திரி மயக்கமாகக் கொண்டுவரப்படுகிற ஆள் குடிகாரரா, சர்க்கரை நோயாளியா என்று பிரித்துப் பார்க்க!

ஆமாம், ஏலகிரி அடிவாரத்தில் என் வாயை மோந்து பார்த்தவர் செய்த அதே டயக்னோசிஸ். அவர் கையில் மெஷின் இல்லை, அவ்ளோதான் வித்தியாசம்.

நோயாளிக்கு இந்தக் கருவியை விற்க மாட்டார்கள். பெர்ன்ஸ்டைனின் மனைவி டாக்டர், அவர் பேரில் வாங்கினார். ஒரு நாளைக்குப் பலமுறை தன் இரத்தத்தைத் தானே அளந்து, எந்தச் சாப்பாடு எவ்வளவு ஏற்றுகிறது, ஒரு யூனிட் எவ்வளவு இறக்குகிறது என்று குறித்துக்கொண்டே போனார். நம்ம பாஷையில் சொன்னால், லாகே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த ஒரு சிஸ்டத்துக்கு முதல்முறையா லாக் போட்டார். கட்டுரை எழுதினார், மருத்துவ இதழ்கள் திருப்பி அனுப்பின. ஒரு சாதாரண நோயாளி சொன்னால் யார் கேட்பார்கள்? கோபத்தில் 45 வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து டாக்டரே ஆகிவிட்டார். இன்று என் பையில் தீப்பெட்டி அளவுக்குக் கொஞ்சம் பெரிதாக ஒரு மீட்டர் இருப்பதற்கு இந்தப் பிடிவாதமும் ஒரு காரணம்.

பேனாவைச் சுருக்கமாகச் சொல்லிடறேன். 1985-ல் நோவோ கம்பெனி நோவோபென்னை வெளியிட்டது. பார்க்க இங்க் பேனா மாதிரியே இருக்கும், சட்டைப் பையில் செருகிக்கலாம். மறைக்க விரும்பியவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது.

ஆனா நம்ம ஊரில் இன்னும் நிறைய பேர் பாட்டிலும் சிரிஞ்சும்தான். இதில் ஒரு பழைய வரலாறு இன்னும் முடியாமல் தொங்குகிறது. முன்பு இன்சுலின் ஒரு மில்லிக்கு 20, 40, 80 யூனிட் என்று பல வீரியங்களில் வந்தது. அதில் நடந்த குழப்பங்களால் 100 யூனிட் என்ற ஒரே அளவுக்குப் பல நாடுகள் மாறின. பிரிட்டன் 1983-ல் மாறியது. இந்தியாவில் பாட்டில் பெரும்பாலும் இன்னும் 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். பேனா காட்ரிட்ஜ் மட்டும் 100. லண்டனில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகும் அம்மா, அங்கே வாங்கிய பாட்டிலில் இங்கிருந்து கொண்டுபோன சிவப்பு மூடி சிரிஞ்சை விட்டு இழுத்தால், உள்ளே போவது இரண்டரை மடங்கு. அதனால வெளிநாடு போகிற அப்பா அம்மா யாராவது இருந்தால் பாட்டிலையும் சிரிஞ்சையும் ஒன்றாகவே கட்டிக் கொடுங்க. தேவையைப் போல இரண்டு மடங்கு கொடுங்க. டாக்டர் சீட்டும் சேர்த்து எல்லாம் கேபின் பையில் போகட்டும், செக்-இன்ல வேண்டாம். சரக்கு அறையில் உறைந்துபோனால் அந்த இன்சுலின் குப்பைக்குத்தான்.

உறைவது எனக்குத் தெரியும். ஹாஸ்டலில் ரூமுக்கு ஃபிரிட்ஜ் கிடையாது. மெஸ் அண்ணா அன்பா என் பாட்டிலை வாங்கி, "ஜில்லுனு இருக்கட்டும் தம்பி" என்று ஃபிரீஸரில் வைத்துவிட்டார். ஒரு மாத மருந்து ஐஸ் கட்டி. அப்போது பாட்டி சொன்ன வழி, மண் பானை. ஈர மணலுக்கு நடுவே சின்னக் கலயம், அதுக்குள்ள பாட்டில். கட்டிலுக்கு அடியில் அந்தப் பானையோடுதான் மீதி ஹாஸ்டல் வாழ்க்கை ஓடியது.

சில வருஷம் கழித்து, 2021-ல் வெளியான ஒரு ஆய்வைப் படித்தேன். இடம் கென்யாவின் தடாப் அகதிகள் முகாம். அங்கே வீடுகளில் ஃபிரிட்ஜ் இல்லாததால் நோயாளிகள் ஒவ்வொரு ஊசிக்கும் ஆஸ்பத்திரிக்கு நடக்கணும், தினமும். 1922-ல் எலிசபெத் டொராண்டோ போன மாதிரிதான். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனிவா பல்கலைக்கழகமும் அங்கே வீட்டுக்குள் வெப்பம் எப்படி ஏறி இறங்குகிறது என்று அளந்தன. 25-லிருந்து 37 டிகிரி வரை. அதே ஏற்ற இறக்கத்தை ஆய்வகத்தில் கொடுத்து நாலு வாரம் பார்த்ததில், ஃபிரிட்ஜில் இருந்த இன்சுலினுக்கும் இதுக்கும் வீரியத்தில் வித்தியாசம் இல்லை. மருந்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம் என்று ஆனது. எதில் வைத்துக்கொள்கிறார்கள் தெரியுமா? மண் பானையில்.

பாட்டிக்கு போன் போட்டுச் சொன்னேன். "இதுக்கு ஜெனிவால இருந்து வரணுமா? சாப்டியாடா?" என்றார்.