பெருக்கிக் கூட்டிய கப்பல்

திருவள்ளூர் அருகேயுள்ள திருப்பாச்சூரில் ஊர்ப்பெயருக்குக் காரணம் கேட்டால் கோயில் பக்கம் கை காட்டுவார்கள். பாசு என்றால் மூங்கில். மூங்கில் காட்டில் சாமி வெளிப்பட்ட ஊர் பாசூர். வேடர்கள் வாசி என்ற கருவியால் வெட்டும்போது கிடைத்தவர் வாசீஸ்வரர். இடத்துக்குப் பேர் மூங்கிலால், சாமிக்குப் பேர் கருவியால். துகள் இயற்பியலில் கணக்குப் போடும் மென்பொருள்களின் பெயர்களைத் துருவினாலும் இப்படித்தான் ஏதாவது ஒன்று கையில் சிக்குகிறது.

அவற்றில் மிக மூத்தவற்றுள் ஒன்று ‘ஸ்ஃகோன்ஸ்ஃகிப்’. ஆய்தத்தை அழுத்திச் சொன்னால் டச்சு உச்சரிப்பு ஏறக்குறைய வந்துவிடும். டச்சு இயற்பியலாளர் மார்ட்டினஸ் வெல்ட்மன் 1963இல் ஐபிஎம் 7094 கணினிக்கு எழுதியது. ஸ்ஃகோன் என்றால் சுத்தம், ஸ்ஃகிப் என்றால் கப்பல். கப்பலைச் சுத்தமாக்குவது என்றால், கிடக்கிற கசடையெல்லாம் ஒரேயடியாக ஒழித்துக்கட்டுவது என்பது டச்சு வழக்கு. டச்சு தெரியாதவர்களை எரிச்சலூட்டவும்தான் அந்தப் பெயர் என்று வெல்ட்மனே சொல்லியிருக்கிறார்.

திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்கள் எரிச்சல்பட வேண்டியதில்லை. அவர்கள் மாவட்டத்துப் பழவேற்காட்டில் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர்கள், 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அதுதான் அவர்களுடைய தலைமையிடம். நாம் பேசும் ‘துட்டு’ அவர்களுடைய ‘டொய்ட்’ என்ற செப்புக்காசிலிருந்து வந்தது. கக்கூசும் டச்சுச் சொல்தான். கப்பல் ஏறி வந்த சொற்களில் இவை இரண்டும் ஊன்றிவிட்டது நம் தேவையைக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

வெல்ட்மன் எந்தக் கசடைத் துடைக்கப் பார்த்தார்? மின்னூட்டமுள்ள டபிள்யூ துகள் ஒளித்துகளோடு எப்படி வினைபுரியும் என்பது அவர் கேள்வி. அந்தத் துகளே 1983இல்தான் செர்ன் ஆய்வகத்தில் அகப்பட்டது. கணக்கின் நடுவில் ஏறத்தாழ 50,000 உறுப்புகள் வந்து நின்றன. இந்த வீக்கம் எப்படி வருகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. எலக்ட்ரான் போன்ற துகள்களின் கணக்கில் காமா அணிகளின் பெருக்கத்துக்குச் ‘சுவடு’ (மூலைவிட்ட உறுப்புகளின் கூட்டுத்தொகை) காண வேண்டும். 4 அணிகள் என்றால் விடையில் 3 உறுப்புகள். 6 என்றால் 15. 8 என்றால் 105, 10க்கு 945, 12க்கு 10,395. கையால் போட்டால் எங்கோ ஓர் எதிர்க்குறி விழுந்துவிடும்; மொத்தமும் பாழ். இயந்திரம் முதலில் அடைப்புக்குறிகளை உடைத்துப் பெருக்குகிறது. உறுப்புகள் பல்கிப் போகின்றன. பிறகு ஒத்த உறுப்புகளைத் தேடிக் கூட்டுகிறது. பெரும்பாலானவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும்.

தமிழில் வீட்டைச் சுத்தம் செய்வதற்கும் இந்த இரண்டு வினைகள்தான்: கூட்டு, பெருக்கு. வெல்ட்மன் தன் நிரலுக்குத் தமிழில் பெயர் தேடியிருந்தால் வேறு சொல்லுக்கு அலைந்திருக்க மாட்டார். வீட்டில் கூட்டிப் பெருக்குகிறோம், நிரல் பெருக்கிக் கூட்டுகிறது, வரிசைதான் வேறு. அந்த நிரலைக் கொண்டுதான் 1971இல் தன் மாணவர் ஜெரார்ட் ட்ஹூஃப்டின் கோட்பாட்டைச் சரிபார்த்தார் வெல்ட்மன். இருவருக்கும் 1999இல் நோபல்.

வெல்ட்மன் தன் நிரலை எழுதிய அதே காலத்தில் அந்தோணி ஹெர்ன் எழுதிய நிரலின் பெயர் ‘ரெடியூஸ்’. அன்றைய மென்பொருள்கள் விடையைச் சுருக்குவதற்குப் பதிலாகப் பக்கம் பக்கமாகக் கக்கிக்கொண்டிருந்ததைக் கேலி செய்ய வைத்த பெயராம். நம் பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் ‘சுருக்குக’ என்று வருமே, அதே கட்டளை.

இவற்றுக்கெல்லாம் பாட்டன் அல்ஜீப்ரா. ஒன்பதாம் நூற்றாண்டில் அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பிலுள்ள ‘அல்-ஜப்ர்’ என்ற சொல்லுக்கு, உடைந்ததைச் சேர்ப்பது என்று பொருள். ஸ்பெயினில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுபவருக்கே ‘அல்ஜெப்ரிஸ்தா’ என்று பெயர் இருந்தது. திருப்பாச்சூர் வழியே போகும் திருப்பதி சாலையில் திருத்தணியைத் தாண்டினால் புத்தூர். புத்தூர்க் கட்டு போடும் வைத்தியரை அந்தக் காலத்து ஸ்பானியர் பார்த்திருந்தால் கணித மேதை என்றே அழைத்திருப்பார்! தமிழ்நாட்டின் ‘இயற்கணிதம்’ இதில் எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. யாழ்ப்பாணத்தார் படிக்கும் ‘அட்சரகணிதம்’ எழுத்தை வைத்துச் செய்யும் கணக்கு என்றாவது சொல்கிறது. என் ஓட்டு அதற்கே.

கப்பலின் வாரிசு ‘ஃபார்ம்’. ஆம்ஸ்டர்டாமின் நிக்ஹெஃப் ஆய்வகத்தில் யோஸ் வெர்மாசரன் 1989இல் வெளியிட்டது. பெயரில் கேலியும் இல்லை, கப்பலும் இல்லை. வேலை மட்டும் அதே. ‘ஐடி’ என்று தொடங்கும் வரியில் இதற்குப் பதில் அதைப் போடு என்று சொல்ல வேண்டும். புள்ளி வைத்து ‘சார்ட்’ என்று எழுதினால் ஒத்த உறுப்புகள் ஒன்றுசேரும். முழுக் கோவையையும் நினைவகத்தில் ஏற்றாமல் உறுப்பு உறுப்பாக எடுத்து வட்டில் அடுக்குவதால், நினைவகத்தைவிடப் பெரிய கணக்கும் தாங்கும். 1962இல் அல்லாடி ராமகிருஷ்ணன் தொடங்கிய தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் வி. ரவீந்திரனின் குழு ஹிக்ஸ் துகள் கணக்குகளுக்கு இந்த ஃபார்மைத்தான் கையாண்டிருக்கிறது.

ஃபார்ம் இலவசம், சாதாரண மடிக்கணினி போதும். திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பக்கம் இயற்பியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் நான்கு காமா அணிகளின் சுவட்டை மாணவர்களைக் கையால் போடச் சொல்லிவிட்டு, ஃபார்மிலும் போட்டுப் பார்க்கச் சொல்லலாம். இரண்டிலும் 3 உறுப்புகள் வர வேண்டும்.