திருச்சபையின் புத்தகக்கடை: இலவசத்திலிருந்து விலைக்கு

இந்தியத் திருச்சபைகள் நடத்திய புத்தகக்கடைகளை மதப்பரப்பலின் துணைக்கருவியாக மட்டும் கருதுவது வழக்கம். அதனால் வாசிப்பு வரலாற்றின் முக்கியத் திருப்பம் ஒன்று கவனம் பெறாமற் போகிறது.

19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் துண்டுப்பிரசுரங்கள் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் பெரும்பாலும் இலவசமாகவே வழங்கப்பட்டன. அவற்றில் பல, கடைகளில் பொட்டலத் தாளாக முடிந்தன என்பது மிஷனரிகளே அடிக்கடி சொன்ன குறை.

இம்முறையை எதிர்த்தவர்களுள் முதன்மையானவர் ஜான் மர்டாக் (1819–1904). கண்டியில் தலைமையாசிரியர் பணியைத் துறந்து நூல் வெளியீட்டுக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரர் அவர். 1858இல் தோன்றிய கிறிஸ்தவத் தாய்மொழிக் கல்விச் சங்கத்தின் முகவராகச் சென்னையிலிருந்து இயங்கினார். சிறு தொகைக்கேனும் நூலை விற்கவேண்டும் என்பது அவர் நிலைப்பாடு.

விலை வைத்ததும் உறவு மாறியது. இலவசத் தாளைப் பெற்றவருக்குத் தேர்வில்லை; காசு கொடுப்பவருக்கு மறுக்கும் உரிமை உண்டு. எது விலைபோகும் என்பதைச் சபையும் அறிய வேண்டியதாயிற்று. 1865இல் மர்டாக் வெளியிட்ட தமிழ் அச்சுநூல் அட்டவணை கிறிஸ்தவ நூல்களோடு நிற்காமல் இந்து, இசுலாமிய நூல்களையும் வகைப்படுத்தியதை இப்பின்னணியில் வாசிக்கலாம். தமிழ் அச்சுப் பண்பாட்டை ஆய்வோர்க்கு அது இன்றும் அடிப்படைச் சான்று.

1891இல் அச்சங்கம் கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் எனப் பெயர் மாறியது. அத்தகைய அமைப்புகளின் ஆண்டறிக்கைகளில் அச்சிட்ட படிகளின் எண்ணிக்கையை வாசகர் எண்ணிக்கையாகக் கொள்வது பிழை. விநியோகத்தையும் விற்பனையையும் பிரித்துப் பார்க்கும்போதே மக்கள் விரும்பி வாங்கியது எது என்பது புலப்படும்.